கரியமில வாயுவும் கன்னியாகுமரி மணலும்

திருவனந்தபுரம் நகரினின்று நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லுவோர், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் வித்துரா என்னும் மலையடிவார ஊரைக் கடந்து செல்வர். அவ்வூர்ப் பக்கத்தினின்று போணக்காடு செல்லும் பாதையே அகத்தியர்கூடம் ஏறுவோர்க்கு வாயில். 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையைத் தமிழ் முனிவர் வாழும் பொதியில் என்று நம் முன்னோர் போற்றினர். அந்த மலைத்தொடரின் சாரலில், மருதமலை என்று நம் செவிக்கு இனிமை தரும் பெயருடைய இடத்தில், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், முதலில் ஸ்ரீகாரியத்திலுள்ள பொறியியற் கல்லூரி வளாகத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்திப் பின்னர் இம்மலைச் சாரலில் சொந்த மனை கண்டது. வேதியியல் அறிஞர் ஜெம்மிஸ் அவர்கள் அதன் முதல் இயக்குநராக விளங்கினார்.

அங்கே நடைபெறும் பல்வேறு ஆய்வுகளுள் ஒளிவேதியியல் சிறப்பிடம் பெற்றது. அத்துறையாளர் உலகெங்கும் காணும் பெருங்கனவு ஒன்று உண்டு. விறகும் நிலக்கரியும் டீசலும் எரிந்து வானிற் கலக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, வினையூக்கி ஒன்றின் மீது சூரிய ஒளியைப் பாய்ச்சி, அவ்வாயுவை மீண்டும் எரிபொருளாக்கிவிட வேண்டும் என்பதே அது. இக்கனவின் வரலாற்றை, இயன்றவரை நேராக, ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவ்வரலாற்றின் ஒரு புரி ஐரோப்பாவிலும் மற்றொரு புரி நம் குமரிக் கரையிலும் தொடங்குகிறது என்பதே நம்மை இதனை எழுதத் தூண்டியது.

இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு எதையும் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அது எரிந்து வெளிப்படும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.7 கிலோ. ஏற்றிய சரக்கைவிட இறங்கிய சரக்கு மூன்று மடங்குக்கு மேல் கனப்பதா என்று வியப்பு உண்டாகும். இடைவழியில் காற்றிலுள்ள பிராணவாயு ஏறிக்கொள்கிறது. 12 பங்கு கரியோடு 32 பங்கு பிராணவாயு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. இச்சேர்க்கையில் வெளிப்படும் வெப்பமே நம் வண்டிகளை இழுக்கிறது, சோற்றையும் வடிக்கிறது. சேர்ந்ததைப் பிரிக்க வேண்டுமாயின், பெற்ற சக்தியைக் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதில் தள்ளுபடி எவர்க்கும் இல்லை. கொடுப்பவன் சூரியனாக இருக்கட்டும் என்பதுதான் அறிஞரின் எண்ணம். 1958இல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் கீலிங் என்பார் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் 10 இலட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இஃது ஏட்டளவில் நிற்கும் ஆசையன்று.

இலை இத்தொழிலை ஆரவாரமின்றிச் செய்து வருகிறது என்பதை மனிதன் உணர்வதற்கே நெடுநாள் ஆயிற்று. மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி தூய்மையாக்குவதை இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி 1771இல் கண்டார். அதற்கு ஒளி வேண்டும், பசுமையான பாகமும் வேண்டும் என்பதை இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779இல் காட்டினார். செடிக்கு உணவாவது கரியமில வாயுவே என்பதை ஜெனீவாவின் செனபியர் தெளிவாக்க, அதே ஊரினராகிய சொசூர் 1804இல் செடியையும் காற்றையும் நிறுத்துக் கணக்கிட்டு, தண்ணீரும் செடியின் எடையிற் சேர்கிறது என்று நிறுவினார். எல்லோரும் பிரீஸ்ட்லியைப் புகழ்வர். நமக்கோ நிறுத்துப் பார்த்த சொசூரிடத்தே மதிப்பு மிகுதி.

இலை செய்வதை மனிதனும் செய்யலாம் என்று உரத்துக் கூறியவர் இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரப் பேராசிரியர் கியாகோமோ சியாமிசியன். கண்ணாடிக் குடுவைகளில் இரசாயனக் கலவைகளை நிரப்பிக் கட்டடத்தின் மேல் வெயிலில் வைத்து, மாதக்கணக்கிற் காத்திருந்து, ஒளி என்ன செய்கிறது என்று குறித்து வந்தவர் அவர். 1912இல் நியூயார்க்கில் கூடிய வேதியியல் மாநாட்டில், ஒளிவேதியியலின் எதிர்காலத்தைப் பற்றி அவர் ஆற்றிய உரை இன்றளவும் பேசப்படுகிறது. நிலக்கரி ஒரு நாள் தீரும், அதற்கு முன் மனித இனம் வெயிலைப் பிடிக்கக் கற்க வேண்டும், பாலை நிலங்களில் புகையற்ற தொழிற்சாலைகள் கண்ணாடிக் குழாய்களோடு எழும் என்றெல்லாம் அவர் கூறினார். நிலக்கரியே உலகை ஆண்ட காலத்தில் இவ்வாறு பேசத் துணிவு வேண்டும்.

இதன் பின் வந்த இருபதாண்டுகள் இவ்வரலாற்றில் வியப்பும் வருத்தமும் கலந்தவை. லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்துப் பேலி என்னும் பேராசிரியர், 1921இல் ஹைல்பிரான், பார்க்கர் என்பாருடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கரியமில வாயு கரைந்த நீரின் மீது புறஊதா ஒளியைச் செலுத்தினால் பார்மால்டிஹைடும், அதிலிருந்து சர்க்கரை வகைகளும் உண்டாகின்றன என்பது அவர்தம் கூற்று. பின்னர் நிக்கல், கோபால்ட்டு ஆகியவற்றின் நிறமுள்ள தூள்களைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும் என்றும் அறிவித்தார். இலையின் இரகசியம் வெளிப்பட்டுவிட்டது என்று பலரும் கருதினர். ஆயின் 1925இல் அமெரிக்காவில் போர்ட்டர், ராம்ஸ்பெர்கர் என்னும் இருவர், நீரையும் வாயுவையும் பாத்திரத்தையும் மிகத் தூய்மையாக்கிக்கொண்டு அதே சோதனையைச் செய்தபோது பார்மால்டிஹைடு தோன்றவேயில்லை. வேறு சிலரும் முயன்றனர். பேலிக்குக் கிட்டியது அவர்க்குக் கிட்டவில்லை. பாத்திரத்திலும் தூளிலும் ஒட்டியிருந்த மாசே ஒளிபட்டுச் சிதைந்து கண்ணை மயக்கியிருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. நாளடைவில் அவருடைய கூற்றை அறிவுலகம் கைவிட்டது.

நம் நாட்டிலும் இவ்வேட்கை பரவியது. அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் நீல் ரத்தன் தார் என்னும் பேரறிஞர், இந்தியாவுக்கு இயற்கை வழங்கிய பெருஞ்செல்வம் வெயிலே என்று நம்பி, வெயிலில் வைத்துச் செய்யும் ஆராய்ச்சிகளை வளர்த்தார். அவரிடம் பயின்ற ஆத்மா ராம் பிற்காலத்தில் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைமை ஏற்றவர். இவ்விருவரும் மழைநீரைச் சோதித்து, அதில் பார்மால்டிஹைடு இருப்பதைக் கண்டு, 1932இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். மேல் வானில் புறஊதா ஒளி பட்டுக் கரியமில வாயுவும் நீராவியும் கூடி அப்பொருள் பிறக்கிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். மழைநீரில் அப்பொருள் உண்டு என்பது பிற்காலத்தில் பலராலும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் மீத்தேனும் மரஞ்செடிகள் விடும் ஆவிகளும் காற்றிலே வெயில்பட்டுச் சிதைவதால் வருவது. சரக்கு உண்மையானது, புறப்பட்ட நிலையம் வேறு! தாரையும் ஆத்மா ராமையும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கூறும் முகவரிச் சீட்டு அக்காலத்து வேதியியலாரிடம் இல்லை.

அச்சீட்டு சில ஆண்டுகளிற் கிடைத்தது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரத்து இளைஞர்களாகிய சாமுவேல் ரூபென், மார்ட்டின் கேமன் இருவரும் 1940இல் கரி-14 என்னும் கதிரியக்கக் கரியைக் கண்டனர். மறு ஆண்டில், எடை மிகுந்த பிராணவாயுவை அடையாளமாக வைத்து, இலை வெளிவிடும் பிராணவாயு தண்ணீரினின்றே வருகிறது என்று காட்டினர். போர்க்கால ஆராய்ச்சியில் நச்சு வாயு தாக்கி 1943இல் ரூபென் இறந்தார். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அவர் விட்ட இடத்தினின்று தொடங்கிய கால்வின், பென்சன் முதலியோர் இலைக்குள் கரி செல்லும் பாதையை அடியடியாகத் தொடர்ந்து சென்றனர். அதற்கு 1961இல் நோபல் பரிசு வந்தது. கால்வின் ஒருவருக்கே வந்தது என்பது வேறு கதை.

இனி, குமரிக் கரைக்கு வருவோம். கன்னியாகுமரிக்குச் சென்று வந்தோர் யாவரும் அங்குள்ள பல நிற மணலை அறிவர். குமரி அன்னையின் திருமணம் சுசீந்திரத்து ஈசனோடு நிகழாது நின்றமையின், விருந்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் மணலாயின என்பது ஊரார் கூறும் கதை. அவ்விருந்தை முதன்முதல் விலைபேசியவர் ஒரு ஜெர்மானியர். சாம்பர்க் என்னும் அவ்வேதியியலார், இங்கிருந்து சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடி 1909இல் மணவாளக்குறிச்சிக்கு வந்தார். அவர் நாடியது மோனசைட்டு என்னும் தாது. காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்து கிடைத்தது. அதனோடு கலந்திருந்த கறுப்பு மணலாகிய இல்மனைட்டை அப்போது நாடுவார் இலர். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த அம்மணலிலிருந்து தூய வெண்ணிறச் சாயம் செய்யும் வழி ஏற்பட்ட பின், 1920களில் அது கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றது.

திவானாக இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில், மணலை விற்றுச் சாயத்தை வாங்குவது ஏன் என்ற எண்ணம் செயலாகி, 1946இல் திருவிதாங்கூர் டைட்டேனியம் நிறுவனம் கொச்சுவேளியில் அமைக்கப்பெற்றது. (கொச்சுவேளி இரயில் நிலையம் 2024இல் திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாற்றம் பெற்றது; பழகிய நாவுக்கு இன்னும் கொச்சுவேளிதான்.) 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை பிரிந்தபோது கருமணற் கரையும் இரண்டாயிற்று. மணவாளக்குறிச்சி சென்னை மாநிலத்திலும், சவராவும் கொச்சுவேளியும் கேரளத்திலும் நின்றன. மணலுக்கு மொழியில்லை, அது கடலோட்டத்தின் வழியே இங்கும் அங்கும் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

கொச்சுவேளியில் ஆக்கப்படும் வெண்பொடி டைட்டேனியம் டையாக்சைடு. அதிலும் அனடேஸ் என்னும் வகை. சுவர்ப்பூச்சு, காகிதம், ரப்பர் ஆகியவற்றுக்கு அது வெண்மை தரும். அதற்கு ஒரு குற்றம் உண்டு. வெயிலில் நிற்கும் சுவரிலோ மரத்திலோ அனடேஸ் கலந்த வண்ணத்தைப் பூசினால், சில காலத்தில் மேற்பரப்பு சுண்ணாம்புப் பொடிபோல உதிரும். கையை வைத்தால் ஒட்டும். பூச்சுத் தொழிலாளர் திட்டிய இக்குற்றத்தை 1938இல் இலண்டனில் குட்ஈவ், கிச்சனர் என்னும் இருவர் ஆராய்ந்தனர். ஒளிபட்ட டைட்டேனியம் டையாக்சைடு, தான் மாறாதிருந்து, தன்னை அடுத்த சாயப்பொருளைச் சிதைக்கிறது என்று கண்டனர். வினையூக்கி என்பதன் இலக்கணமே அதுவன்றோ! பிற்காலத்தில் சாயத் தொழிற்சாலையினர், ஒவ்வொரு துகளுக்கும் மேலே அலுமினாவும் சிலிக்காவும் போர்த்தி அக்குற்றத்தை அடக்கினர்.

குற்றம் குணமான ஆண்டு 1972. ஜப்பானியராகிய புஜிஷிமா, தம் ஆசிரியர் ஹோண்டாவுடன், டைட்டேனியம் டையாக்சைடுப் படிகத்தையும் பிளாட்டினத் தகட்டையும் நீரில் நிறுத்தி ஒளியைப் பாய்ச்ச, நீர் பிராணவாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தது. அடுத்த ஆண்டே உலகில் எண்ணெய்ப் பஞ்சம் வந்தமையால், அச்சிறு கட்டுரையை எல்லா நாட்டினரும் தேடிப் படித்தனர். 1979இல் இனூவே, கொனிஷி என்பாரும் அவ்விருவரோடு சேர்ந்து, டைட்டேனியம் டையாக்சைடு முதலிய தூள்களை நீரிற் கலக்கிக் கரியமில வாயுவைச் செலுத்தி ஒளியூட்டினர். பார்மிக் அமிலம், பார்மால்டிஹைடு, மெதில் ஆல்கஹால் ஆகியவை சிறுசிறு அளவில் உண்டாயின என்று அறிவித்தனர். பேலியின் கனவு புதிய ஆதாரத்தோடு திரும்பி வந்தது.

இது நடைபெறும் முறையைச் சுருங்கக் கூறுவோம். தக்க ஒளி தூளின் மீது பட்டால், உள்ளே ஓர் எலெக்ட்ரான் எழும்பி ஓட, அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. எழும்பிய எலெக்ட்ரான் கரியமில வாயுவைச் சேர வேண்டும்; வெற்றிடம் நீரினின்று எலெக்ட்ரானைப் பறிக்க வேண்டும். ஆனால் பிரிந்த இரண்டும் பெரும்பாலும் ஒரு கணத்திற்குள் மீண்டும் கூடிவிடுகின்றன. ஒளி வீணே வெப்பமாகிறது. கரியமில வாயுவோ எளிதில் அசையாத பொருள். கார்பன் மோனாக்சைடு ஆவதற்கு 2 எலெக்ட்ரான், மெதில் ஆல்கஹாலுக்கு 6, மீத்தேனுக்கு 8 எலெக்ட்ரான் அதற்குக் கொடுக்க வேண்டும். இடையில் நீரே அவற்றைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜனாகிவிடும். மேலும் அனடேஸ் ஏற்பது புறஊதா ஒளியை மட்டுமே; நிலத்தை அடையும் வெயிலில் அது 20இல் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே தூளில் நைட்ரஜனைப் புகுத்துவது, செம்பையோ பிளாட்டினத்தையோ துளிகளாகப் பதிப்பது என்று அறிஞர் பல வழிகளை நாடினர். சென்னை ஐ.ஐ.டி.யில் 2006இல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் அமைந்தது. அங்கே பேராசிரியர் பா. விஸ்வநாதன் அவர்களும் உடன் உழைத்தோரும் டைட்டேனியம் டையாக்சைடு, சோடியம் டான்டலேட்டு ஆகிய தூள்களில் இத்தகைய மாற்றங்களைச் செய்து ஆராய்ந்துள்ளனர்.

2010இல் பழைய ஐயம் மீண்டும் எழுந்தது. நெதர்லாந்தில் கைடோ மூல் என்பாரின் குழுவினர், 13 எடையுள்ள கரியால் ஆன கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தனர். டைட்டேனியத் தூளின் மீது தோன்றிய பொருளில் அவ்வடையாளக் கரி முழுதும் இல்லை. தூளைச் செய்யும்போது அதில் ஒட்டிக்கொண்ட பழைய கரியும் விளைச்சலாகக் கணக்கில் ஏறியிருந்தது. உண்மையா, கற்பனையா என்ற வினாவையே அவர்கள் கட்டுரைத் தலைப்பில் வைத்தனர். அதன் பின், ஒளியின்றி ஒரு முறை, வாயுவின்றி ஒரு முறை, தூளின்றி ஒரு முறை, அடையாளக் கரியோடு ஒரு முறை என்று செய்து காட்டாத ஆராய்ச்சியை நடுநிலையாளர் எளிதில் ஏற்பதில்லை. நம் தணிக்கையாளர்கூட இவ்வளவு சீட்டுக் கேட்பதில்லை என்று நண்பர் ஒருவர் நகைத்தார்.

விளைச்சலின் அளவையும் உள்ளபடி கூறிவிடுதல் நலம். ஒரு கிராம் தூள் மணிக்கு 10 மைக்ரோமோல் மீத்தேன் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வெயிலிற் பரப்பினால் கிடைப்பது 1.28 கிராம். நம் இல்லங்களுக்கு வரும் சமையல் வாயு உருளையில் இருப்பது 14.2 கிலோ. அவ்வெடைக்குச் சமமான மீத்தேன் சேர ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும். தூள் அத்தனை நாள் சோர்வடையாதிருக்கும் என்று கொண்டால்தான் இக்கணக்கும் பொருந்தும். நாளையே புகை எரிபொருளாகிவிடும் என்று எழுதும் செய்தித்தாள்களைக் கண்டு மயங்க வேண்டா. தூளைச் செய்வதற்கு ஆகும் கேட்டையும் இப்புத்தகத்தில் பற்று எழுத வேண்டும். இல்மனைட்டைக் கந்தக அமிலத்திற் கரைத்தே கொச்சுவேளியில் அனடேஸ் பிரிக்கின்றனர். எஞ்சிய அமிலநீர் பல்லாண்டுகள் வேளிக் கடலில் விடப்பட்டு மீனவர் மனம் நொந்தது இவ்வூரார் அறிந்ததே. நம்மை உறுத்தும் வேறொன்றும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுக்கு வைக்கும் தூள் பெரும்பாலும் ஜெர்மனியில் டெகுசா நிறுவனம் ஆக்கிய பி-25 என்பதாகும். மணலுக்குப் பெயர்போன கரையில் இருந்துகொண்டு, சிறு டப்பியில் அடைத்த பொடியை அயல்நாட்டினின்று வரவழைக்கிறோம்.

ஆயினும் திருவனந்தபுரத்திற்கு இத்துறையில் நல்லதொரு மரபு உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஒளிவேதியியலை வளர்த்த பேராசிரியர் எம். வி. ஜார்ஜ், 1980களின் பிற்பகுதியில் இந்நகரின் பாப்பனங்கோட்டிலுள்ள வட்டார ஆராய்ச்சிச் சாலைக்கு வந்தார். ஓய்வு பெறும் வயதில் புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கி இளைஞர் பலரை உருவாக்கினார். 2007 முதல் அச்சாலை தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று வழங்குகிறது. அங்கே வளர்ந்த சுரேஷ் தாஸ், அஜயகோஷ், கோபிதாஸ், ஜார்ஜ் தாமஸ் முதலியோர் பெயர் உலகறிந்தது. இவர்களுள் ஜார்ஜ் தாமஸ் அவர்கள் பின்னர் வித்துரா நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தார். மகேஷ் ஹரிஹரன் அவர்களும் அங்கே குழு அமைத்து உழைக்கின்றார். ஒளி பட்டுப் பிரிந்த மின்னூட்டங்கள் உடனே கூடிவிடாமல் சற்று நேரம் தனித்து நிற்குமாறு மூலக்கூறுகளை அடுக்குவது எங்ஙனம் என்பது அவர்கள் ஆராயும் வினாக்களுள் ஒன்று. தூளில் எழும்பிய எலெக்ட்ரான் கணத்தில் திரும்பிவிடுகிறது என்று மேலே கூறினோமே, அந்த இடத்தில்தான் வேலை நடக்கிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்து, அதையும் மீண்டும் ஆயிரமாகப் பகுத்து அளக்கும் ஒளிக்கருவிகளால் அத்திரும்புதலைப் பார்க்கின்றனர். சியாமிசியன் வெயிலில் குடுவை வைத்து மாதக்கணக்கிற் காத்திருந்தார். இவர்கள் காண வேண்டுவது அத்தனை சிறிய பொழுதில் முடிந்துவிடுகிறது.